தாக்குதலுக்குப் பிறகு நாடு என்ன செய்கிறது? மும்பை முதல் பகல்காம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால் முதல் இரண்டு வாரம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: "எப்போது திருப்பி அடிப்பார்கள்?" அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நடக்கும் வேலையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதனால் இந்தியா 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் செய்தவற்றைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானம் போய்க் குண்டு போட்டதைவிட, நீதிமன்றத்தில் நிற்கும்படி ஆதாரம் திரட்டியதுதான் அதிக தூரம் போயிருக்கிறது என்பது என் கணிப்பு.

அதற்கு முன்பும் தாக்குதல்கள் நடந்தனவே, ஏன் 26/11-இலிருந்து தொடங்க வேண்டும்?

நடந்தன. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு, 1998 கோவை, 2001 நாடாளுமன்றம், 2006 மும்பைப் புறநகர் ரயில்கள் என்று பட்டியல் நீளும். ஆனால் 2008 நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை நீடித்த தாக்குதல்தான் அரசின் ஓட்டைகள் அத்தனையையும் ஒரே நேரத்தில் வெளியே கொண்டுவந்தது. கராச்சியிலிருந்து கடல் வழியாக வந்த, லஷ்கர்-ஏ-தொய்பா என்ற பயங்கரவாத அமைப்பைச் சேர்ந்த 10 பேர் 166 பேரைக் கொன்றார்கள். இன்று நம்மிடம் உள்ள அமைப்புகளில் பாதி அந்த மூன்று நாட்களின் அவமானத்தில் பிறந்தவை.

அன்று என்னதான் தவறியது?

கடலிலிருந்து ஆரம்பிக்கலாம். குஜராத்தைச் சேர்ந்த 'குபேர்' என்ற மீன்பிடி விசைப்படகை நடுக்கடலில் கைப்பற்றி, அதிலேயே மும்பைக்குப் பக்கத்தில் வந்து, படகோட்டியைக் கொன்றுவிட்டு, ரப்பர் படகில் கஃப் பரேடு மீனவர் குடியிருப்பை ஒட்டி இறங்கினார்கள். வழியில் எந்தப் படையும் தடுக்கவில்லை. கடல் வழியாகத் தாக்குதல் வரலாம் என்று முன்பே எச்சரிக்கைகள் வந்திருந்தன. அவற்றை ஒன்றாக வைத்துப் படித்து, இந்த இடத்தில் இதைச் செய்யுங்கள் என்று சொல்ல ஆள் இல்லை.

அப்புறம் என்எஸ்ஜி, அதாவது தேசியப் பாதுகாப்புப் படை. கமாண்டோக்கள் இருந்தது ஹரியானாவின் மானேசரில், அவர்களை ஏற்ற வேண்டிய பெரிய விமானம் நின்றது சண்டிகரில். இரவு ஒன்பதரை மணிவாக்கில் தொடங்கிய தாக்குதலுக்கு மறுநாள் காலையில்தான் அவர்கள் களத்தில் இறங்கினார்கள். அதுவரை மும்பை போலீஸ் பழைய துப்பாக்கிகளோடும் சில இடங்களில் வெறும் லத்தியோடும் நின்றது. கிர்காம் சௌபாத்தியில் துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர், அந்தப் பத்துப் பேரில் ஒருவனான கசாபின் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கினார். அதனால்தான் ஒருவன் உயிரோடு பிடிபட்டான். பின்னால் வரும் பதில்கள் பலவும் அந்தப் பிடியிலிருந்துதான் கிளம்புகின்றன.

அரசு முதலில் என்ன செய்தது?

உள்துறை அமைச்சர் சிவராஜ் பாட்டீல் பதவி விலகினார். நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் அந்த இடத்துக்கு வந்தார். டிசம்பர் மாதமே நாடாளுமன்றத்தில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று, தேசியப் புலனாய்வு முகமையை, அதாவது என்ஐஏவை உருவாக்கியது. மற்றொன்று, 1967-இலிருந்தே இருந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தை, அதாவது உபாவை, கடுமையாக்கியது. உளவுத் தகவல்களைப் பகிரும் பல்முகமை மையத்துக்கு உயிர் கொடுத்தார்கள். என்எஸ்ஜிக்கு மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் ஆகிய நான்கு ஊர்களில் கிளை மையம் அமைத்தார்கள். சென்னையில் அது வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில் இருக்கிறது.

என்ஐஏ, சிபிஐ மாதிரிதானா? மாநிலப் போலீஸிடமிருந்து வழக்கு எப்படி அங்கே போகிறது?

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிபிஐ ஒரு மாநிலத்துக்குள் விசாரிக்கப் பொதுவாக அந்த மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அல்லது நீதிமன்ற உத்தரவு வேண்டும். என்ஐஏவுக்கு அந்தத் தடை இல்லை. சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம் என்றால், மாநில அரசு அறிக்கை அனுப்ப வேண்டும். 15 நாட்களுக்குள் மத்திய அரசு முடிவு சொல்ல வேண்டும். மாநிலம் அனுப்பாவிட்டாலும் மத்திய அரசு தானாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பார்த்த உதாரணம், 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் நடந்த கார் வெடிப்பு. முதலில் மாநகரப் போலீஸ் விசாரித்தது. சில நாட்களில் மாநில அரசே பரிந்துரைத்து வழக்கு என்ஐஏவுக்குப் போனது. பக்கத்து மாநிலத் தொடர்புகள் இருக்கலாம் என்னும்போது இது நியாயமான வழிதான்.

மாநிலங்கள் இதையெல்லாம் சும்மா ஏற்றுக்கொண்டனவா?

என்ஐஏவை ஏற்றுக்கொண்டன. அடுத்த படியை ஏற்கவில்லை. 2012-இல் தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் என்று ஒன்றை அறிவித்தார்கள். அது உளவுத்துறைக்குள் அமைந்து, கைது செய்யவும் சோதனை போடவும் அதிகாரம் கொண்டிருக்கும் என்றதும் முதல்வர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜெயலலிதா, மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக், அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி என எல்லாக் கட்சியிலும் எதிர்ப்பு. சட்டம் ஒழுங்கு மாநிலத்தின் பொறுப்பு, உளவு பார்ப்பவரிடமே கைது அதிகாரத்தையும் கொடுப்பது ஆபத்து என்றார்கள். திட்டம் கிடப்பில் போனது. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன்.

கடலில் என்ன மாறியது? தமிழ்நாட்டு மீனவர்களுக்கு இதில் என்ன பங்கு?

இதுதான் யாரும் பேசாத, ஆனால் நிஜமாகவே மாறிய பகுதி. 2009-இல் கடல் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பும் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கரையை ஒட்டிய பகுதிக்கு மாநிலக் கடலோரப் போலீஸ், அதற்கு வெளியே கடலோரக் காவல்படை, அதையும் தாண்டிக் கடற்படை என்று மூன்று அடுக்கு. கரை நெடுகக் கண்காணிப்பு ரேடார்கள் வைத்தார்கள். 20 மீட்டருக்கு மேல் நீளமுள்ள படகுகளுக்குத் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயமானது. மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. படகுகளுக்கு மாநிலத்துக்கு ஒரு நிறம் வந்தது.

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிதல்ல. இலங்கைப் போரின் நிழல் பாக் நீரிணையில் விழுந்த காலத்தில், 1990களிலேயே இங்கே கடலோரப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கப்பட்டுவிட்டது. 26/11-க்குப் பிறகு கடலோரக் காவல் நிலையங்களும் ரோந்துப் படகுகளும் கூடின.

'சாகர் கவச்' என்று ஓர் ஒத்திகை நடக்கும், செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். போலீஸ்காரர்களும் கடற்படையினரும் தீவிரவாதி வேடத்தில் படகில் வந்து ஊடுருவப் பார்ப்பார்கள், மற்றவர்கள் பிடிக்க வேண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் இந்த ஒத்திகையில் தெரியாத படகைக் கண்டு முதலில் தகவல் சொல்வது பல நேரம் மீனவர்கள்தான். மும்பையிலும் அந்தப் பத்துப் பேர் இறங்கியதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் மீனவர்களே. எத்தனை ரேடார் வைத்தாலும் சின்ன ஃபைபர் படகு அதில் சரியாகத் தெரியாது. அதனால் மீனவரைச் சந்தேக நபராக நடத்தினால் இந்த ஏற்பாடே பயனற்றுப் போகும். அட்டை இல்லை என்று அவர்களை அலைக்கழிக்கும் அதிகாரிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

கையும் களவுமாகப் பிடிபட்ட கசாபுக்கு ஏன் நான்கு வருடம் வழக்கு? அன்றே முடித்திருக்கலாமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ரயில் நிலையத்தில் துப்பாக்கியோடு அவன் நடந்த புகைப்படம் உலகம் முழுக்க வெளியானது. அப்படிப்பட்டவனுக்கு எதற்கு வக்கீல் என்று அப்போது பலரும் கேட்டார்கள். வக்கீல்களில் சிலரே வாதாட மறுத்தார்கள். இருந்தும் நீதிமன்றம் வக்கீலை நியமித்தது. மும்பை ஆர்தர் ரோடு சிறைக்குள்ளேயே தனி நீதிமன்றம் அமைத்து நீதிபதி தஹிலியானி விசாரித்தார். 11,000 பக்கத்துக்கு மேல் குற்றப்பத்திரிகை, 600-க்கும் அதிகமான சாட்சிகள். படகிலிருந்த ஜிபிஎஸ் கருவி கராச்சியிலிருந்து வந்த பாதையைச் சொன்னது. ஹோட்டலுக்குள் இருந்தவர்களோடு பாகிஸ்தானிலிருந்து பேசியவர்களின் குரல் பதிவு இருந்தது. அமெரிக்காவின் எஃப்பிஐ நிபுணர்களும் சாட்சி சொன்னார்கள்.

2010 மே மாதம் மரண தண்டனை. 2011 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. உச்ச நீதிமன்றத்தில் அவனுக்காக மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் நீதிமன்ற நியமனத்தின் பேரில் வாதாடினார். கருணை மனு நிராகரிக்கப்பட்டு 2012 நவம்பர் 21 அன்று எரவாடா சிறையில் தூக்கிலிடப்பட்டான்.

அதே வழக்கில் உள்ளூரிலிருந்து வரைபடம் கொடுத்து உதவியதாக இரண்டு இந்தியர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆதாரம் போதவில்லை என்று அவர்களை அதே நீதிபதி விடுவித்தார், உச்ச நீதிமன்றம் வரை அந்த விடுதலை நின்றது. நாடே கொதித்துக்கொண்டிருந்தபோது வந்த தீர்ப்பு அது. அந்த இரண்டு விடுதலைகள்தான் மூன்றாவது ஆளின் தண்டனைக்கு மதிப்பைத் தந்தன என்பேன். இது பழிவாங்கல் விசாரணை என்று எந்த வெளிநாடும் சொல்ல முடியவில்லை.

சரி, அப்போது ஏன் பாகிஸ்தானைத் தாக்கவில்லை?

விவாதம் நடந்தது. அன்றைய வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன், தானே உடனடிப் பதிலடியைக் கேட்டதாகவும், பிறகு பார்க்கையில் தாக்காமல் இருந்ததே சரி என்று தோன்றியதாகவும் பின்னாளில் விளக்கியிருக்கிறார். தாக்கியிருந்தால் உலகம் இதை வழக்கமான இந்தியா-பாகிஸ்தான் சண்டையாகப் பார்த்திருக்கும், பாகிஸ்தான் மக்கள் தங்கள் ராணுவத்தின் பின்னால் திரண்டிருப்பார்கள் என்பது அவர் வாதம்.

இன்னொரு நினைவும் அரசுக்குள் இருந்திருக்க வேண்டும். 2001 டிசம்பர் 13 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 'ஆபரேஷன் பராக்கிரம்' என்ற பெயரில் படைகளை எல்லைக்குக் கொண்டுபோய்ப் பத்து மாதம் போல நிறுத்தினார்கள். போர் நடக்காமலே கண்ணிவெடியிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான வீரர்கள் இறந்தார்கள்.

பாகிஸ்தானிடம் ஆதாரக் கோப்பு கொடுத்தார்களே, அது என்ன ஆனது?

2009 ஜனவரி 5 அன்று கொடுத்தார்கள். முதலில் கசாப் எங்கள் ஆளே இல்லை என்றது பாகிஸ்தான். சில நாட்களில் ஒப்புக்கொண்டது. பிப்ரவரியில் அங்கத்திய உள்துறைப் பொறுப்பாளர் ரஹ்மான் மாலிக், சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் நடந்தது என்று பகிரங்கமாகச் சொன்னார். ஏழு பேர் மீது ராவல்பிண்டியில் வழக்குத் தொடங்கியது.

அங்கேயே நின்றும் போனது. முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்ட லக்வி 2015 ஏப்ரலில் ஜாமீனில் வெளியே வந்தார். ஆதாரம் எவ்வளவு வலுவாக இருந்தாலும், தண்டிக்க மனமில்லாத நாட்டின் நீதிமன்றத்தில் அது தூங்கும். என் வாதத்தின் பலவீனமான இடம் இதுதான்.

அப்படியானால் அந்தக் கோப்புகளால் பயனே இல்லையா?

இருந்தது, வேறு வாசல் வழியாக. பணம் போகும் பாதையைக் கண்காணிக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், 2018 ஜூனில் பாகிஸ்தானை 'கிரே' பட்டியலில் வைத்தது. அந்தப் பட்டியலில் உள்ள நாட்டோடு கொடுக்கல் வாங்கலுக்கு வெளிநாட்டு வங்கிகள் யோசிக்கும். பட்டியலிலிருந்து வெளியே வர வேண்டும் என்ற அவசரத்தில்தான் 2020-இல் லஷ்கர் அமைப்பின் நிறுவனர் ஹஃபீஸ் சயீத் பயங்கரவாத நிதி வழக்கில் தண்டிக்கப்பட்டார். இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்டுவந்த சாஜித் மிர் 2022-இல் திடீரென்று 'உயிர்பெற்று' சிறைக்குப் போனார். மும்பைத் தாக்குதலைத் தொலைபேசியில் இயக்கியவர்களில் ஒருவராகக் குற்றம் சாட்டப்பட்டவர் அவர். அந்த அக்டோபரில் பாகிஸ்தான் பட்டியலிலிருந்து நீங்கியது.

ஐ.நா. பக்கம் இதைவிட மெதுவு. ஜெய்ஷ்-ஏ-முகமது அமைப்பின் தலைவர் மசூத் அசாரைத் தடைப் பட்டியலில் சேர்க்க இந்தியா முயன்றபோதெல்லாம் சீனா முட்டுக்கட்டை போட்டது. 2019 மே 1 அன்றுதான் அது நடந்தது. பயங்கரவாதம் குறித்த முழுமையான சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்று 1996-இல் இந்தியா வைத்த முன்மொழிவு இன்னும் நிறைவேறவில்லை.

ஹெட்லி, ராணா யார்? ராணாவைக் கொண்டுவர ஏன் இவ்வளவு காலம்?

டேவிட் ஹெட்லி மும்பையை முன்கூட்டியே சுற்றி வேவு பார்த்த அமெரிக்கக் குடிமகன். 2009 அக்டோபரில் சிகாகோவில் கைதானார். குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசினார். மரண தண்டனை கிடையாது, இந்தியாவுக்கு அனுப்பவும் மாட்டோம் என்பது நிபந்தனை. 35 ஆண்டுத் தண்டனை. என்ஐஏ அமெரிக்கா போய் விசாரித்தது, 2016-இல் மும்பை நீதிமன்றத்துக்குக் காணொளி மூலம் சாட்சியும் சொன்னார்.

தஹாவூர் ராணா அவருடைய பழைய பள்ளி நண்பர். ராணாவின் குடியேற்ற ஆலோசனை நிறுவனத்தின் மும்பைக் கிளைதான் ஹெட்லியின் வேவு வேலைக்கு மறைப்பாக இருந்தது என்பது குற்றச்சாட்டு. 2011-இல் சிகாகோ நடுவர் குழு மும்பைத் தாக்குதல் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது; லஷ்கருக்கு உதவியது, டென்மார்க் பத்திரிகை மீதான சதி ஆகியவற்றில் தண்டித்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்று அவர் வாதாட, இந்தியா சொல்லும் குற்றங்களின் கூறுகள் வேறு என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகச் சொல்ல, 2025 ஏப்ரல் 10 அன்று டெல்லியில் வந்திறங்கினார். குற்றம் நடந்து 16 ஆண்டுகள் கழித்து ஓர் ஆள் இன்னொரு நாட்டின் நீதிமன்றங்கள் அத்தனையையும் தாண்டி இங்கே வந்தார் என்றால், அது நாம் சேர்த்து வைத்த காகிதங்கள் அந்தச் சோதனையைத் தாங்கியதால்தான்.

2016-க்குப் பிறகு அணுகுமுறை ஏன் மாறியது?

பொறுமைக்குப் பலன் இல்லை என்ற எண்ணம் வலுத்தது. 2016 செப்டம்பர் உரி தாக்குதலுக்குப் பிறகு எல்லைக் கோட்டைத் தாண்டிச் சர்ஜிக்கல் ஸ்ட்ரைக். 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் இருவர் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டத்துக்காரர்கள். 12 நாள் கழித்துப் பாலாகோட்டில் விமானத் தாக்குதல், மறுநாள் நம் விமானி அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டது, மார்ச் 1-இல் திரும்பியது எல்லாம் தெரிந்த கதை.

2025 ஏப்ரல் 22 அன்று பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மறுநாளே 1960-ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. மே 7-இல் 'ஆபரேஷன் சிந்தூர்': பாகிஸ்தானின் பஹவல்பூர், முரிட்கே உட்பட ஒன்பது இடங்களில் தாக்குதல். எல்லையின் இந்தியப் பக்கத்தில் பூஞ்சில் பீரங்கிக் குண்டுகளுக்குப் பொதுமக்கள் பலியானார்கள். மே 10-இல் சண்டை நின்றது. அதற்குப் பிறகு ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்கள் நாடு நாடாகப் போயின. ரஷ்யா, ஸ்பெயின், கிரீஸ் பக்கம் போன குழுவுக்குத் தலைமை கனிமொழி.

அடித்ததால் பயன் உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

செலவில்லாமல் தாக்கிவிட்டுப் போக முடியாது என்ற செய்தி போயிருக்கிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் சண்டை உச்சத்தில் இருந்த மே 9 அன்று சர்வதேச நிதியம் பாகிஸ்தானுக்குச் சுமார் நூறு கோடி டாலர் தவணையை அனுமதித்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. உலகத்தை நம் பக்கம் திருப்ப ஏவுகணை போதாது என்பது அங்கே தெரிந்தது. தவிர, ஒவ்வொரு முறையும் முந்தைய முறையைவிடப் பெரிதாக அடிக்க வேண்டியிருக்கிறது. உரிக்கு எல்லையோர முகாம்கள், புல்வாமாவுக்குப் பாலாகோட், பகல்காமுக்குப் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம். இரண்டு பக்கமும் அணுகுண்டு இருக்கும்போது இந்தப் படிக்கட்டில் அடுத்த படி எது என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

உபா சட்டத்தை ஏன் இவ்வளவு பேர் எதிர்க்கிறார்கள்? குற்றம் செய்யாதவருக்கு என்ன பயம்?

ஜாமீன்தான் பிரச்சினை. குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்து உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் தரக் கூடாது என்கிறது 43டி(5) பிரிவு. குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அமைப்பை மட்டுமல்ல, தனி மனிதரையும் வழக்கு முடியும் முன்பே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம்.

திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடியினரோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபரில் என்ஐஏ கைது செய்தது. பார்க்கின்சன் நோய், கை நடுக்கம். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் இறந்தார், அப்போதும் விசாரணைக் கைதிதான். வழக்கின் விசாரணை தொடங்கவே இல்லை. அவர் குற்றவாளியா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் சொல்லப் போவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் பழையது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல், பழைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின்கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம், இது தடா சட்டத்தின்கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அல்ல என்று சொல்லி, நால்வருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதிசெய்தது, மூவருக்கு ஆயுள், 19 பேர் விடுதலை. 2002-இல் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோ, தடாவுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். பொடாவைக் கொண்டுவந்த மத்தியக் கூட்டணியில் அவர் கட்சியும் அப்போது இருந்தது என்பது கூடுதல் வேடிக்கை.

2021-இல் நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம், விசாரணை முடிவில்லாமல் இழுத்தால் உபாவிலும் ஜாமீன் தரலாம் என்று ஒரு கதவைத் திறந்தது. திறந்த கதவு எல்லா நீதிபதிகளுக்கும் ஒரே அகலத்தில் தெரிவதில்லை.

தாக்குதல் நடக்கும்போது டிவியில் நேரலை ஏன் இப்போது காட்டுவதில்லை?

தாஜ் ஹோட்டலுக்கு வெளியே கமாண்டோக்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை நம் சேனல்கள் காட்டின. பாகிஸ்தானில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள் அதை உள்ளே இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். கசாப் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் கேபிள் விதிகளைத் திருத்தி, நடவடிக்கை முடியும்வரை அரசு அதிகாரி தரும் தகவலை மட்டும்தான் ஒளிபரப்பலாம் என்றார்கள். கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிற நமக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

கடற்கரையிலோ ஊரிலோ சந்தேகமாக எதையாவது பார்த்தால் யாரிடம் சொல்வது?

கரையோரம் என்றால் கடலோரப் போலீஸ், 1093. கடலுக்குள் என்றால் கடலோரக் காவல்படை, 1554. மற்ற இடங்களில் 112. எந்த மதத்துக்காரர், எந்த மாநிலத்துக்காரர் போலத் தெரிகிறார் என்பதைச் சொல்ல வேண்டாம். என்ன பார்த்தீர்கள், எங்கே, எத்தனை மணிக்கு, வண்டி எண் அல்லது படகு எண் என்ன என்பதைச் சொல்லுங்கள்.